அரை மணி நேரத்துக்கான விசிறி

கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய பாய்மரப் படகின் அடிப்பகுதியைச் சுற்றிவந்து பார்த்தால், நீர் எங்கும் தடுக்காமல் வழுக்கிப்போவதற்காக அதை எவ்வளவு பொறுமையாக இழைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அணியத்திலிருந்து பின்புறம் வரை ஒரே வளைவு. அந்த வளைவு முடியும் இடத்தில், சுக்கானுக்குச் சற்று முன்னால், நீரோட்டத்துக்குக் குறுக்கே, எஞ்சின் சுழற்றும் ஒரு வெண்கல விசிறி நிற்கிறது. அத்தனை இழைப்பையும் மறுப்பதுபோல் அது அங்கே இருக்கிறது.

படகின் ஆயுளில் பெரும்பகுதி அந்த விசிறிக்கு வேலை இல்லை. பாய் விரிந்து ஓடும் ஒவ்வொரு மணியும் அது படகைப் பின்னுக்கு இழுத்தபடியே வருகிறது. ஆனாலும் அதைக் கழற்றி எறியத் துணிபவர்கள் மிகச் சிலர். எந்த விசிறியைப் பொருத்துவது என்ற வாதம் கடலோடிகளிடையே தீராமலிருப்பதற்கு இந்த முரண்தான் காரணம். எப்போதோ வரும் ஒரு தேவைக்காக எப்போதும் எவ்வளவு இழக்கலாம்? வாழ்க்கையில் இந்தக் கேள்வியை நாம் மங்கலாகக் கேட்டு மங்கலாகவே விடை சொல்லிக் கடந்துபோகிறோம். பாய்மரப் படகு வைத்திருப்பவர் இதற்கு அங்குலக் கணக்கில் விடை சொல்லியாகவேண்டும். அதனால்தான் இது பொறியியல் விவகாரத்தைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்குக்கு அடங்குவதைச் சொல்லிவிடலாம். விசிறியின் குடத்தில் இரண்டு எண்களைப் பொறித்திருப்பார்கள். 16 × 12 என்றிருந்தால் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். திருகாணி மரத்துக்குள் ஏறுவதுபோல, நீரும் இறுகிய பொருளாக இருந்தால், விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ அதுதான் பிட்ச். நீர் இறுகியிருப்பதில்லை, விலகிக்கொடுக்கிறது. 12 அங்குலப் பிட்ச் உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், காகிதத்தில் படகின் வேகம் 11.8 நாட். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு 6.7 நாட்டைத் தொடுவதற்குள் தானே எழுப்பிய அலையில் சிக்கிக்கொள்ளும். அடிக்கணக்கில் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும் எல்லை அது. ஆக, காகித வேகத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் நழுவலில் போய்விடுகிறது. கனத்த உடலை மெதுவாகத் தள்ளும் விசிறிக்கு இது இயல்பு. நீரைப் பின்னால் தள்ளித்தான் படகு முன்னால் போகிறது. நீர் சற்றும் விலகாவிட்டால் உந்துதலே பிறக்காது.

பிட்ச் அதிகமானால் எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டமுடியாமல் திணறும், கரும்புகை விடும். குறைந்தால் சுற்று எகிறும், படகு நகராது. அடிப்பகுதி சுத்தமாக இருக்கும்போது, அமைதியான நீரில், முழு விசையில் எஞ்சின் அதற்குக் குறிக்கப்பட்ட உச்சச் சுற்றைத் தொடவேண்டும், தாண்டக்கூடாது. விட்டத்தைப் பொறுத்தவரை, பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவது சிறிய விசிறி வேகமாகச் சுற்றுவதைவிட நல்லது. ஆனால் இதழின் நுனிக்கும் படகின் உடலுக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இதழ் கடக்கும்போதும் படகு அதிரும். இதுவரை எல்லாம் எண்களே முடிவுசெய்கின்றன. எஞ்சினை நிறுத்தியபிறகு இந்த விசிறியை என்ன செய்வது என்பதில்தான் மனிதர்கள் பிரிகிறார்கள்.

அந்தக் கேள்வி விசிறியோடு சேர்ந்தே பிறந்தது. லண்டனை அடுத்த ஹெண்டனில் விவசாயியாக இருந்த ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836 மே மாதம் திருகு விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். சில வாரங்களில் ஸ்வீடன் பொறியாளர் ஜான் எரிக்சனும் தன்னுடையதற்குப் பெற்றார். ஸ்மித்தின் முதல் விசிறி மரத்தாலானது, இரண்டு முழுப் புரிகள் கொண்டது. 1837இல் பாடிங்டன் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தபோது அது எதிலோ மோதிப் பாதி உடைந்துபோனது. உடைந்த விசிறியோடு படகு முன்னைவிட வேகமாக ஓடியது. நீரைப் பிடிக்க நீண்ட திருகு வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். தேவைக்கு மேற்பட்ட பரப்பு நீரில் உரசிச் சுமையாகிறது என்பதை அந்த உடைவு காட்டியது. ஸ்மித் ஒற்றைப் புரிக்கு மாறினார். 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை, விசிறி பூட்டிய ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய அலெக்டோவையும் முதுகோடு முதுகாகக் கட்டி இழுக்கவிட்டது. முழு விசையில் முன்னோக்கிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அலெக்டோவை ராட்லர் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே கடற்படை விசிறியின் பக்கம் சாய்ந்திருந்தது. இழுபோட்டி அதை ஊரறியச் செய்தது.

ஆனால் அன்றைய கப்பல்கள் பாயையும் விடவில்லை. நிலக்கரி விலை அதிகம், அதை ஏற்றும் துறைமுகங்களும் குறைவு. காற்று கிடைக்கும்போது விசிறி வெறும் தடை. 1860இல் கடலில் இறங்கிய வாரியர் போர்க்கப்பல் அதற்கு ஒரு பிரம்மாண்டமான விடை வைத்திருந்தது: விசிறியை நீரிலிருந்து மேலே தூக்கி, கப்பலின் உடலுக்குள் இழுத்துக்கொள்வது. 26 டன் எடையுள்ள விசிறி. தூக்குவதற்குச் சுமார் 600 பேர் கயிறு பிடித்து இழுக்கவேண்டும். புகைபோக்கிகளையும் இறக்கிவைப்பார்கள். அந்தக் கப்பல் இன்றும் போர்ட்ஸ்மத்தில் மிதக்கிறது. துருவப் பயணி நான்சனுக்காகக் காலின் ஆர்ச்சர் கட்டி 1892இல் வெள்ளோட்டம் விட்ட ஃபிராம் கப்பலிலும் விசிறியையும் சுக்கானையும் ஒரு குழி வழியாக மேலே தூக்கமுடியும். அங்கே காரணம் வேறு: வடதுருவக் கடலின் பனி நெருக்கும்போது உடையக்கூடியது எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. அறுநூறு பேரின் தோள்வலிமையைச் செலவிட்டாவது விசிறியை நீரிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று ஒரு கடற்படை நினைத்தது என்றால், அந்தத் தடை எவ்வளவு மெய்யானது என்பதை உணரலாம்.

இன்று ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறு படகில் அறுநூறு தோள்களுக்கு வழியில்லை. ஆகவே மூன்று வழிகள் உருவாகியிருக்கின்றன. முதலாவது, அசையாத இதழ்கள் கொண்ட நிலை விசிறி. உள்ளே நகரும் பாகம் எதுவும் இல்லை, விலை குறைவு, பழுதாக வழியில்லை, முன்னுந்தும்போது திறன் அதிகம். இதழ்கள் மூன்று என்றால் அதிர்வு குறைந்து நீரில் பிடிப்பு கூடும், இழுவையும் கூடும். இரண்டு என்றால் இழுவை குறைவு. அடிமரமான ஏரா நீண்டு வரும் பழைய படகுகளில், சுழல்தண்டில் ஒரு வண்ணக்குறி இட்டு, பாய் விரித்ததும் இரண்டு இதழ்களும் செங்குத்தாக அந்த மரத்தின் பின்னால் மறையும்படி நிறுத்திப் பூட்டுவார்கள். மாலுமிகளின் கைத்திறனில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இது ஒன்று. ஒரு சொட்டு வண்ணத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, மடங்கும் விசிறி. எஞ்சின் நின்றதும் ஓடும் நீரே இதழ்களைப் பின்னோக்கி மடக்கிவிடும். இழுவை மிகக் குறைவு. பாசியும் கயிறும் தங்காமல் வழுக்கிப் போகும். தண்டு சுற்றும்போது மையவிலக்கு விசையால் இதழ்கள் விரியும். ஆனால் ரிவர்ஸில் போட்டால், உந்துதல் இதழ்களை மூடவே பார்க்கும். விரித்து வைத்திருப்பது சுழற்சி ஒன்றுதான். ஆகவே பெரும்பாலான மடங்கும் விசிறிகளில் படகை நிறுத்தக் கூடுதல் சுற்றும் கூடுதல் தூரமும் தேவை.

மூன்றாவது, இதழ்கள் குடத்துக்குள் இருக்கும் பற்சக்கரங்களால் திரும்பி, நீரோட்டத்துக்குத் தம் விளிம்பைக் காட்டி நிற்கும் விசிறி. ரிவர்ஸில் போட்டதும் இதழ்கள் முழுவதும் திரும்பிவிடுகின்றன. முன்னே போகும்போது நீரை வெட்டிய அதே விளிம்பு பின்னே போகும்போதும் வெட்டுகிறது. ஆகவே இரு திசைகளிலும் ஒரே பிடிப்பு. இதற்காக இதழ்களை முறுக்கில்லாமல் ஏறக்குறையத் தட்டையாகச் செய்யவேண்டியிருக்கிறது. முன்னுந்தும் திறனில் கொஞ்சம் அங்கே போகிறது. விலையும் நிலை விசிறியைப்போல் பல மடங்கு. குடத்துக்குள் கிரீஸ் உலர்ந்துபோனால் பற்சக்கரம் இறுகும்.

மூன்றில் எதுவுமே எல்லாவற்றையும் தருவதில்லை. ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறது என்பதுதான் வேறுபடுகிறது. நிலை விசிறி வேகத்தைக் கேட்கிறது. மடங்குவது நிறுத்தும் வலுவைக் கேட்கிறது. திரும்புவது பணத்தையும் பராமரிப்பையும் கேட்கிறது. நிலை விசிறியைச் சுழலவிடுவதா பூட்டிவைப்பதா என்பதும் நெடுநாள் சர்ச்சை. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொட்டியில் வைத்து அளந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, தடையின்றிச் சுழலும் விசிறியைவிடப் பூட்டிய விசிறியே அதிகம் இழுக்கிறது. ஆனால் சுழலவிடும் முன் கியர்பாக்ஸைச் செய்தவர் அதை அனுமதிக்கிறாரா என்று பார்க்கவேண்டும். சில கியர்பாக்ஸ்களில் எஞ்சின் ஓடாதபோது பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராது. நீரில் மிச்சப்படுத்துவதை உலோகத் தேய்மானத்தில் இழக்க நேரும்.

இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மூன்று நாட்டில் இருப்பதைப்போல் ஆறு நாட்டில் நான்கு மடங்கு. அப்படியென்றால் பலத்த காற்றில்தான் அது உறுத்தவேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. பலத்த காற்றில் படகு தன் அலையெல்லையில் ஓடுகிறது. விசை மிஞ்சிக் கிடக்கிறது. விசிறி தின்பது தெரிவதில்லை. இளங்காற்றில்தான் ஒவ்வொரு துளி விசையும் கணக்கில் வருகிறது. அப்போது நீரின் உரசலோடு விசிறியின் இழுவையும் சேர்ந்தால், மூன்று நாட்டில் நகர்ந்திருக்கவேண்டிய படகு இரண்டரையில் ஊர்கிறது. பொறுமை தளர்கிறது. கை எஞ்சின் சாவியைத் தேடுகிறது. காற்று போதாதபோது உதவட்டும் என்று பொருத்திய கருவி, காற்றைப் போதாததாக ஆக்குவதிலும் பங்கெடுத்துக்கொள்கிறது. இதைத்தான் இந்த விஷயத்தின் மையம் என்று கருதுகிறேன். பாதுகாப்புக்கென்று நாம் சுமக்கும் எதற்கும் இந்தக் குணம் உண்டு: தன்னுடைய தேவையைத் தானே கொஞ்சம் உற்பத்திசெய்துகொள்ளும். பெரிய விசிறி வைத்திருப்பவர் எஞ்சினை அதிகம் ஓட்டுகிறார். அதிகம் ஓட்டுவதால் பெரிய விசிறி சரிதான் என்று நம்புகிறார்.

இதோடு நின்றுவிட்டால் மடங்கும் விசிறியே அறிவு என்று முடிவுசெய்யலாம். மணிகளை எண்ணினால் அதுதான் நியாயம். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியக் கடலுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல். ஆறு நாட் வேகத்தில் 450 மணி நேரம். இழுவையால் அரை நாட் குறைந்தால் 490 மணி நேரத்துக்கு மேல். ஒன்றரை நாளுக்கும் கூடுதலாகக் கடலில் கிடக்கவேண்டும். அத்தனை மணிகளுக்கும் எதிரே, எஞ்சின் உண்மையில் தேவைப்படும் நேரம் துறைமுகத்துக்குள் நுழையும் அரை மணியாக இருக்கலாம்.

ஆனால் மணிகள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. அந்த அரை மணியில் காற்று எதிரே வீசலாம். நீரோட்டம் அதை எதிர்த்து ஓடி, அலையைக் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுப்பலாம். பாய் இறக்கியாகிவிட்டது, பக்கத்தில் பாறைக்கரை, காற்று அந்தப் பக்கமே தள்ளுகிறது. ஒவ்வொரு அலையிலும் அணியம் மோதிப் படகு நின்றுபோகிறது. நின்ற இடத்திலிருந்து மறுபடி நகர்த்த நீரை அள்ளிப் பிடிக்கும் இதழ்ப் பரப்பு வேண்டும். பரப்பு போதாத விசிறி நுரைத்துச் சுற்றும், படகு அதே இடத்தில் நிற்கும். அப்போது நடுக்கடலில் மிச்சப்படுத்திய ஒன்றரை நாள் எதற்கும் உதவாது. ஆகவே எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்ற கேள்வி பாதிதான். தேவைப்படும் அந்த நேரத்தில் இல்லாமல்போனால் என்ன இழப்போம் என்பது மறுபாதி. எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்க்கிறது, எடை மறுபக்கம் சாய்க்கிறது. தேர்வு என்பது இந்த இரண்டையும் சேர்த்தே கையில் ஏந்துவது.

எடை எங்கே விழும் என்பதை அவரவர் கடலே சொல்கிறது. கிரேக்கத் தீவுகளில் நங்கூரத்தை முன்னால் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து துறைச்சுவரில் கட்டுவது வழக்கம். இரு பக்கமும் அடுத்தவர் படகுகள், குறுக்கே வீசும் மெல்டெமி காற்று. அங்கே ரிவர்ஸ் பிடிப்புதான் எல்லாம். திரும்பும் இதழ்கள் தம் விலைக்குப் பதில் சொல்லும் இடம் அது. வணிகக்காற்றில் வாரக்கணக்கில் ஓடுபவருக்கு மடங்குவது நியாயம். பிரெஞ்சுக் கால்வாய்களில் பாய்மரத்தை இறக்கி வைத்துவிட்டு நாள் முழுதும் எஞ்சினில் போகிறவருக்கு, மூழ்கிய மரக்கிளையில் மோதினாலும் தாங்கும் தடித்த நிலை விசிறியே போதும். அமெரிக்காவின் மெய்ன் கரையில் சிங்கி இறால் கூடுகளின் கயிறுகள் நீரெங்கும் தொங்குகின்றன. அங்கே விசிறியின் வகையைவிட, தண்டில் பொருத்தும் கயிறுவெட்டி முக்கியமாகலாம். நல்ல விசிறி எது என்று பொதுவில் கேட்பவருக்கு உண்மையான விடை கிடையாது. எந்தக் கரை, எந்தக் காற்று, எத்தனை கைகள் என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

இந்தத் தராசின் இரண்டு முனைகளிலும் மனிதர்கள் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். லின் பார்டி, லாரி பார்டி தம்பதி தாங்களே கட்டிய செராஃபின், தலேசின் என்ற இரண்டு சிறு மரப்படகுகளில் உலகைச் சுற்றினார்கள். இரண்டிலும் எஞ்சின் கிடையாது, விசிறியும் கிடையாது. காற்று செத்த துறைமுகத்தில் பின்புறத்திலிருந்து நீண்ட துடுப்பைத் துழாவிப் படகை நகர்த்தினார்கள். தலேசினில் ஹார்ன் முனையையும் மேற்கு நோக்கிக் கடந்தார்கள். அது அசட்டுத் துணிச்சல் அல்ல. விசிறிக்குக் கொடுக்கவேண்டிய விலையை அவர்கள் பயிற்சியாகவும் காத்திருப்பாகவும் கொடுத்தார்கள். ஓதம் திரும்பும் வரை வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கத் தயாராக இருந்தார்கள். சந்தேகமான துறைக்குள் நுழையாமல் விலகிப்போகவும் தயாராக இருந்தார்கள். அந்தத் தயார்நிலை இல்லாமல் எஞ்சினை மட்டும் விட்டுவிடுவது வேறு விஷயம்.

மறுமுனையில், பிரான்சிலிருந்து புறப்பட்டு ஒற்றையாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் வெண்டே குளோப் போட்டி. அதில் ஒவ்வொரு படகிலும் எஞ்சின் இருக்கவேண்டும், விசிறியும் இருக்கவேண்டும். ஆனால் சுழல்தண்டை முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். வேகத்துக்காக மற்றெல்லாவற்றிலும் கிராம் கணக்கில் எடையைக் குறைக்கும் அந்தப் படகுகள், பெரும்பாலும் ஒரு முறைகூடச் சுற்றாத விசிறியை உலகம் முழுக்கச் சுமக்கின்றன. உயிர் காக்கும் நேரம் வந்தால் முத்திரையை உடைக்கலாம். எடையும் எண்ணிக்கையும் எப்படி வேறுபடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு விதியில் எழுதமுடியாது என்று நினைக்கிறேன்.

பொருத்தியதோடு தேர்வு முடிவதுமில்லை. வெண்கலமும் எஃகும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் மின்னோட்டம் பிறந்து உலோகம் அரிக்கும். அந்த அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்துகிறார்கள். அது கரைந்து தீர்வதற்குள் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால், துத்தநாகம் கலந்த விசிறி தன்னுள் இருப்பதை இழந்து, உலோகம் இளஞ்சிவப்பாகி, சுத்தியலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். அந்த இதழ் உடையக் காத்திருக்கிறது. கொட்டலசு ஒட்டினால் எந்த உயர்ந்த விசிறியும் நீரைப் பிடிக்காது. சில வாரம் துறையில் சும்மா கிடந்தாலே வெப்பக்கடலில் அது நடந்துவிடும். முக்குளித்துச் சுரண்டும் பழக்கமுள்ளவரின் சாதாரண விசிறி, பராமரிக்காதவரின் விலையுயர்ந்த விசிறியை மிஞ்சும்.

ஆகவே தேர்ந்தெடுக்கப்போகிறவருக்குச் சொல்லத் தோன்றுவது இவ்வளவுதான். உங்கள் மோசமான அரை மணி எங்கே, எந்தக் காற்றில் வரக்கூடும் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். அதற்குப் போதுமானதைப் பொருத்துங்கள். பயத்துக்காக அதற்கு மேல் ஓர் அங்குலமும் கூட்டவேண்டாம், கூட்டினால் ஒவ்வொரு இளங்காற்றிலும் அதற்கு வரி கட்டுவீர்கள். பொருத்திய வாரமே அமைதியான நீரில் ஒரு மிதவையை அடையாளமாக வைத்துக்கொண்டு, முழு வேகத்திலிருந்து ரிவர்ஸில் போட்டு நிறுத்திப் பழகுங்கள். எத்தனை படகு நீளத்தில் நிற்கிறது? பின்புறம் எந்தப் பக்கம் இழுக்கிறது? வலப்புரி விசிறியென்றால் ரிவர்ஸில் இடப்பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதை உங்கள் படகுதான் சொல்லவேண்டும். அந்த அரை மணி வரும்போது வாங்கிய விசிறியின் பெருமை எதுவும் உதவாது. அதன் குணம் கைக்குப் பழகியிருந்தால் மட்டுமே தேர்வு சரியாக இருந்திருக்கும்.